கோப்பாய் திறக்கவில்லை, நல்லூர் திறந்தது

எங்கள் சொந்தத்துக்குள் ஒரு செத்தவீடு என்றால், 31ஆம் நாளுக்கு முன் கல்வெட்டு அச்சாகி வரவேண்டும் என்ற பொறுப்பு என் தலையில்தான் விழும். வீட்டில் இருந்தே தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்பவள் நான், அதனால். (யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு: 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் இங்கே கல்வெட்டு என்போம். தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் அதில் இருக்கும். நூலகம் இணையத்தளத்தில் நினைவு வெளியீடுகள் பகுதிக்குப் போனால் நிறையப் பார்க்கலாம்.)

பெரியம்மாவின் கல்வெட்டில் படங்கள் அதிகம். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா பழைய அல்பங்களை எல்லாம் ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு படத்துக்கும் தமிழிலேயே பெயர் வைத்து, கூகுள் டிரைவில் போட்டிருந்தார். கோப்பாய் வீடு, கொக்குவில் கலியாணம், நல்லூர் திருவிழா, நெடுந்தீவு குதிரைகள் என்று பெயர்களைப் பார்க்கவே நன்றாக இருந்தது. அண்ணாவின் மகன் அங்கே பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறான். "இவ்வளவு படத்தையும் நீங்கள் கையால வைக்க வேண்டாம் மாமி, நான் ஒரு புரோகிராம் எழுதித் தாறன்" என்றான். பைதன் என்ற கணினி மொழியில் எழுதிய சின்னப் புரோகிராம். நான் எக்செல்லில் ஒரு பட்டியல் தட்டவேண்டும்: பக்க எண், படத்தின் பைல் பெயர், படத்துக்குக் கீழே வரவேண்டிய வரி. புரோகிராம் அந்தப் பட்டியலை வாசித்து, படத்தை எடுத்து அளவாக்கி, பக்கத்தில் வைத்து, பிடிஎஃப் ஆக்கித் தரும்.

எழுதி அனுப்பினான், ஓடவிட்டேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. பிழை எண் 2, அப்படி ஒரு பைலோ போல்டரோ இல்லை, பெயர் கோப்பாய் வீடு.

பைலோ என் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அதில் இரண்டு தரம் கிளிக் பண்ணினால் படம் திறக்கிறது, பெரியம்மா வீட்டு வாசலில் நிற்கிறார். புரோகிராமுக்கு மட்டும் அது இல்லையாம்.

இப்படி ஒரு பிழை வந்தால் பெரும்பாலானவர்கள் உடனே பைலைத் திரும்ப டவுன்லோட் பண்ணுவார்கள், இல்லாவிட்டால் புரோகிராமை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. "இல்லை" என்று ஒரு புரோகிராம் சொன்னால், தான் பார்த்த இடத்தில், தான் கேட்ட பெயரில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பைல் உலகத்திலேயே இல்லை என்று அது சொல்லவில்லை. ஆகவே நாம் கண்டுபிடிக்க வேண்டியது, அது எங்கே பார்த்தது, என்ன பெயர் சொல்லிக் கேட்டது என்பவற்றைத்தான்.

முதலில் இடம். பைல் பெயரை மட்டும் கொடுத்து முழுப் பாதையைக் கொடுக்காவிட்டால், புரோகிராம் தான் இருக்கும் போல்டரில் தேடுவதில்லை; அதை எந்தப் போல்டரில் இருந்து ஓடவிட்டோமோ அங்கேதான் தேடும். இந்த ஒன்றில் மட்டும் எத்தனையோ பேர் மணிக்கணக்காக மாட்டுப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். மருமகன் கெட்டிக்காரன், முழுப் பாதையையும் கொடுத்தே எழுதியிருந்தான். அடுத்தது பெயர். விண்டோஸ் வழக்கமாகப் பைல் பெயரின் வாலை மறைத்துவிடும். அதனால் ஜேபிஜி என்ற வால் ஏற்கெனவே இருக்கும் பைலுக்கு யாராவது இன்னொரு ஜேபிஜியைச் சேர்த்துத் தட்டிவிட்டால், வெளியே பார்க்க ஒன்றுதான் தெரியும், உள்ளே இரட்டை வால் இருக்கும். எக்ஸ்ப்ளோரரில் அந்த மறைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஒற்றை வால்தான். எக்செல் கட்டத்தில் பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வருவதும் வழக்கம். அதுவும் இல்லை.

இரவு மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தேன். அவனுக்கு அது காலை.

"மாமி, இங்க வடிவா ஓடுது. உங்கட லிஸ்ட், அப்பாவின்ர படங்கள், எல்லாம் அதேதான். முதல் கொஞ்சப் படங்களைத்தான் ஓடவிட்டுப் பாத்தன், ஒரு பிழையும் வரேல்லை."

"அப்ப என்ர கொம்பியூட்டருக்குத்தான் பேய் பிடிச்சிருக்கு."

"விண்டோஸ் எண்டால் அப்படித்தான் மாமி."

அவன் அப்பாவின் பழைய ஐமேக்கில் இருந்து கதைக்கிறான். அந்தத் திமிர் எனக்குத் தெரியும்.

அவன் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் பிராசஸ் மானிட்டரை எடுத்தேன். மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் கருவி அது. சிஸ்இன்டர்னல்ஸ் என்ற தொகுப்பில் இருக்கிறது. மார்க் ருசினோவிச்சும் கூட்டாளியும் தொடங்கியதை 2006இல் மைக்ரோசாப்ட் வாங்கிக்கொண்டது. எந்தப் புரோகிராம் எந்தப் பைலைத் திறக்கப் போனது, என்ன பதில் கிடைத்தது என்று வரிக்கு வரி காட்டும். திறந்தவுடன் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடத் தொடங்கும், பயப்படவேண்டாம். பைதன் என்று வடிகட்டி வைத்துவிட்டு, பதில் இருக்கும் நெடுவரிசையை மட்டும் பாருங்கள். அங்கே இரண்டு விதமான "இல்லை" இருக்கிறது. பாதை கிடைக்கவில்லை என்றால் நடுவில் ஏதோ ஒரு போல்டரே இல்லை. பெயர் கிடைக்கவில்லை என்றால் போல்டர் வரைக்கும் சரியாகப் போய்விட்டது, உள்ளே அந்தப் பெயரில் பைல் இல்லை. பைதன் இரண்டையும் பிழை 2 என்றே சொல்லிவிடுவதால், இந்த வேறுபாடு இங்கேதான் தெரியும்.

எனக்கு வந்தது இரண்டாவது வகை. போல்டர் சரி, பெயர் இல்லை. அந்த வரியில் இருந்த பெயரையும் போல்டரில் இருந்த பெயரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

சரி, ஒரு பைலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் விடியாது. முதல் பிழையிலேயே நின்றுவிடும் புரோகிராம் ஒரு தகவலைத்தான் தரும். "நிக்காமல் ஓடச் செய், எது திறந்தது எது திறக்கேல்லை எண்டு இரண்டையும் எழுதித் தரச் சொல்லு" என்று மருமகனிடம் கேட்டேன். இரண்டு வரி மாற்றினான். பிறகுதான் விஷயம் சூடு பிடித்தது, ஏனென்றால் முக்கால்வாசிப் படங்கள் திறந்துவிட்டன!

திறக்காதவை: கோப்பாய் வீடு, கொக்குவில் கலியாணம், தொண்டைமானாறு தேர், கொடிகாமம் சந்தை, அரியாலை தோட்டம், நல்லூர் கோபுரம், இன்னும் சில. திறந்தவை: நல்லூர் திருவிழா, மானிப்பாய் வீடு, சுன்னாகம் சந்தை, சாவகச்சேரி பள்ளிக்கூடம், வேலணை கடற்கரை, நெடுந்தீவு குதிரைகள், மற்றவை.

நல்லூர் திருவிழா திறந்திருக்க, நல்லூர் கோபுரம் திறக்கவில்லை. ஒரே போல்டர், ஒரே கையால் வைத்த பெயர்கள், ஒரே நாளில் வந்த படங்கள். ஆகவே கோளாறு கோபுரத்தில். கோப்பாயும் கொக்குவிலும் பக்கத்தில் இருந்ததால் முதலில் கொம்பு உள்ள எழுத்துகள்தான் பிரச்சினை என்று நினைத்தேன். ஆனால் நெடுந்தீவில் ஒற்றைக் கொம்பு இருக்கிறது, வேலணையில் இரட்டைக் கொம்பு இருக்கிறது. இரண்டும் திறந்துவிட்டன. கோ, கொ, தொ, தோ. திறக்காதவற்றில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் கொம்பும் அரவும் (ா) எழுத்துக்கு இரண்டு பக்கமும் நின்றன; அந்த ஒன்றைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளி வைத்தேன்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை, பாமினியில் பழகிய கை போதும். பாமினி எழுத்துருவில் கோ என்று ஓர் எழுத்தே கிடையாது. இரட்டைக் கொம்பு, க, அரவு என்று மூன்று விசை தட்டுவோம். இத்தனை வருடம் தட்டித் தட்டி, கோ என்பதை மூன்று துண்டாகவே என் விரல்கள் நினைக்கும். ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோட்டில் அப்படி இல்லை, க ஒன்று, அதற்குப் பின்னால் ஓகாரக் குறி முழுதாக ஒன்று என்று இரண்டுதான் என்பது தெரியும். ஆனால் அண்ணாவின் படங்களில் அது துண்டு துண்டாக வந்திருந்தால்?

மருமகனிடம் இன்னொன்று கேட்டேன். பட்டியலில் உள்ள பெயரையும் போல்டரில் உள்ள பெயரையும் எடுத்து, ஒவ்வொரு குறிக்கும் உரிய எண்ணை அச்சடித்துத் தா என்று. பைதனில் அது சின்ன வேலை. வந்தது இதுதான். என் பட்டியலில் கோ: 2965, 3019. அண்ணாவின் பைலில் கோ: 2965, 3015, 3006. முதலாவது க. 3019 என்பது ஓகாரக் குறி முழுதாக. 3015 இரட்டைக் கொம்பு மட்டும், 3006 அரவு மட்டும். கோப்பாய் என்ற ஒரே சொல் என் பக்கத்தில் 8 குறி, அவர் பக்கத்தில் 9 குறி. திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்று.

யூனிகோட் தரப்படுத்தலின்படி இரண்டும் சரி, இரண்டும் சமம். ஒகரத்துக்கு 3018 என்றாலும் 3014, 3006 என்றாலும் ஒன்று, ஔகாரக் குறியும் அப்படியே. ஆனால் சமம் என்று தரப்படுத்தல் சொன்னால் போதுமா, ஒப்பிடுகிற புரோகிராமும் அதை ஏற்க வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைல் அமைப்பு ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைக் கண்டுகொள்ளாது. இந்தச் சமத்தை மட்டும் அறியாது. எண் வேறு என்றால் பெயர் வேறு. நம்பாவிட்டால் நான் செய்ததைச் செய்து பாருங்கள்: அதே போல்டரில் ஒரு வெற்றுப் பைலை உருவாக்கி, கோப்பாய் வீடு என்று நானே தட்டி, அதே வாலும் வைத்தேன். ஏற்கெனவே இப்பெயரில் ஒன்று இருக்கிறது என்று விண்டோஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே போல்டருக்குள் கோப்பாய் வீடு இரண்டு, ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன.

பிரிந்த பெயர் எப்படி வந்தது என்றால், அண்ணாவின் ஐமேக் பழையது. 1998இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற பைல் அமைப்பில் இன்னமும் ஓடுகிறது. 2017இல் ஆப்பிள் ஏபிஎஃப்எஸ் என்ற புதியதற்கு மாறத் தொடங்கும்வரை மேக்குகளில் அதுதான். அந்தப் பழைய அமைப்பு, நீங்கள் பெயரை எப்படித் தட்டினாலும் அதைத் துண்டுகளாகப் பிரித்துத்தான் சேமிக்கும். காரணம் நல்லதுதான்: ஒரே பெயர் இரண்டு வடிவத்தில் நுழையக்கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரு வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. தேடும்போதும் கேட்ட பெயரைப் பிரித்துவிட்டுத்தான் தேடும். அதனால்தான் என் பட்டியல் அங்கே வடிவாக ஓடியது. அதே பெயர்கள் பிரிந்தபடியே கூகுள் டிரைவுக்கு ஏறி, பிரிந்தபடியே என் விண்டோஸில் இறங்கியதும் கதை மாறிவிட்டது. மேக்கும் பிழை இல்லை, விண்டோஸும் பிழை இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் குழப்பம்.

கொரியாக்காரர்களுக்கு இது பழகிய தலையிடி. மேக்கில் இருந்து விண்டோஸுக்கு வரும் கொரியப் பைல் பெயர்களில் ஒவ்வொரு அசையும் உடைந்து, உள்ளே இருக்கும் எழுத்துகள் தனித்தனியாகச் சிதறித் தெரியும். பார்த்தவுடனே பிடித்துவிடுவார்கள். தமிழில் எழுத்துரு கெட்டிக்காரத்தனமாகத் துண்டுகளைச் சேர்த்து அழகாகக் காட்டிவிடுவதால் நமக்குத் தெரிவதே இல்லை. அழகாகக் காட்டாமல் இருந்திருந்தால் எனக்கு ஓர் இரவு மிச்சம்.

பைதன் தெரியாதவர்களும் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸில் பைலைத் தெரிவுசெய்து எஃப்2 அழுத்துங்கள். கோ எழுத்துக்கு உடனே பின்னால் கேர்சரை வைத்து, பேக்ஸ்பேஸை ஒரு தரம் தட்டுங்கள். க மட்டும் மிஞ்சினால் முழுக் குறி. கே மிஞ்சினால் அது பிரிந்து வந்தது. பார்த்தபின் எஸ்கேப் அழுத்த மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் கோப்பாய் கேப்பாய் ஆகிவிடும்.

தீர்வு ஒரு வரிதான். பைதனோடு வரும் யூனிகோட்டேட்டா என்ற தொகுதியில் நார்மலைஸ் என்று ஒரு செயல் இருக்கிறது. அதற்கு என்எஃப்சி என்று சொல்லிக் கொடுத்தால் துண்டுகளைச் சேர்த்துத் தரும், என்எஃப்டி என்றால் பிரித்துத் தரும். மருமகன் போல்டரில் உள்ள எல்லாப் பெயர்களையும் முதலில் வாசித்து, அவற்றையும் பட்டியலில் உள்ளவற்றையும் என்எஃப்சிக்குக் கொண்டுவந்து, பிறகு ஒப்பிடும்படி மாற்றினான். பைல்களின் பெயரையே மாற்றாமல் விட்டது நல்ல யோசனை, மூலப்படங்கள் அண்ணாவிடம் இருப்பதுபோலவே என்னிடமும் இருக்கும். நீங்கள் பெயரையே மாற்ற விரும்பினால் பிரதி ஒன்றில் செய்யுங்கள். நான் செய்ததுபோல இரட்டைப் பெயர்கள் இருந்தால் விண்டோஸில் பைதன் பெயர் மாற்றும்போது ஏற்கெனவே இருக்கிறது என்று நிற்கும். லினக்ஸில் நிற்காது, சத்தமில்லாமல் ஒன்றின் மேல் மற்றதை எழுதிவிடும்.

அச்சகத்தில் பக்கங்களைக் கொடுக்கப் போனபோது இந்தக் கதையைச் சொன்னேன். அங்கே இருந்த தம்பி சிரித்தான். "பைலுக்கு இங்கிலிஸில பேர் வையுங்கோ அக்கா, ஒரு கரைச்சலும் இல்லை." இதை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒத்துக்கொள்ளவில்லை. பாமினிக் காலத்தில் வேறு வழி இல்லாமல் அப்படித்தான் வைத்தோம், பிறகு மூன்று வருடம் கழித்து அந்த ஆங்கிலப் பெயரைப் பார்த்தால் கோண்டாவிலா கொடிகாமமா என்று யாருக்கும் தெரியாது. அண்ணா வைத்த பெயர்களாலேதான், நான் அல்பத்தைப் பார்க்காமலே படங்களை வரிசைப்படுத்த முடிந்தது. புரோகிராமில் ஒரு வரி சேர்க்கத் தெரியாததற்காகப் பெயரை ஏன் மாற்றவேண்டும்?

திருத்திய புரோகிராமை ஓடவிட்டபோது எல்லாப் படமும் இறங்கின, ஒன்றைத் தவிர. நயினாதீவு ஸ்ரீ நாகபூஷணி அம்மன். இதில் கொம்பும் அரவும் சேர்ந்த எழுத்து ஒன்றுமே இல்லை. முதலிலேயே இது பட்டியலில் நெருடிக்கொண்டிருந்தது, ஆனால் மற்றவை ஒரே மாதிரி இருந்ததால் இதைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். திரும்ப எண்களை அச்சடித்துப் பார்த்தால், என் பட்டியலில் ஸ்ரீ தொடங்குவது 3000 என்ற ஸகரத்தில், அண்ணாவின் பைலில் தொடங்குவது 2998 என்ற ஶகரத்தில். ஶ என்ற எழுத்தை யூனிகோட் 4.1இல், 2005இல் சேர்த்தார்கள். அதன் பிறகு ஸ்ரீ எழுத இரண்டு வழி உண்டு, பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகவே தெரியும். ஆனால் இது கோ மாதிரி இல்லை. ஸவும் ஶவும் யூனிகோட் கணக்கில் இரண்டு வேறு எழுத்துகள், ஆகவே எந்த நார்மலைஸும் இவற்றை ஒன்றாக்காது. மருமகன் அதற்கும் ஒரு விதி எழுதலாம் என்றான். ஒரு படத்துக்காக விதி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பைலின் பெயரை போல்டரில் இருந்து பிரதி எடுத்து எக்செல் கட்டத்தில் ஒட்டினேன். இறங்கியது.

அவன் இன்னொன்றையும் சேர்த்தான், அது எனக்குப் பிடித்தது. இனிமேல் ஒரு படம் கிடைக்காவிட்டால் புரோகிராம் வெறுமனே இல்லை என்று சொல்லாது. எந்தப் போல்டரில் பார்த்தேன், கேட்ட பெயர் எத்தனை குறி, போல்டரில் அதற்கு மிகக் கிட்டிய பெயர் எது, அது எத்தனை குறி என்று நாலு வரி எழுதும். கிட்டிய பெயரைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பைதனின் டிஃப்லிப் தொகுதியே செய்துவிடுகிறது. பெரியம்மாவின் வம்சாவளிப் பக்கத்துக்கும் அதே புரோகிராமைத்தான் ஓடவிட்டேன். சித்தப்பா வீட்டுக் குடும்பப் படம் கிடைக்கவில்லை, கிட்டிய பெயரும் ஒன்றும் இல்லை என்றது. அண்ணாவுக்கு எடுத்துக் கேட்டால், அந்த ஒரு படத்தை அவர் இன்னும் ஸ்கேன் பண்ணவே இல்லையாம்.